கடைக் கணினியில் உங்கள் அடையாள அட்டை தங்கிவிடாமல் இருக்க

களுவாஞ்சிகுடியில் கொமினிகேஷன் கடை வைத்து எனக்கு இது பதினான்காவது வருடம். போட்டோகொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், ரீலோட் எல்லாம் செய்கிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை ஆட்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓடத்தில் வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து வருவார்கள்.

அப்படி வரும் ஒரு மாமி போன வருடம் ஒரு கடிதத்தை நீட்டி, "வாசிச்சுச் சொல்லு புள்ள" என்றார். யாரோ எடுத்த கடனுக்கு அவர் பிணை நின்றதாகவும் தவணை கட்டப்படவில்லை என்றும் எழுதியிருந்தது. கடன் எடுத்தவரின் பெயரைக்கூட மாமி கேள்விப்பட்டதில்லை. அவருடைய அடையாள அட்டைக் கொப்பி எங்கேயோ யாருடைய கைக்கோ போயிருக்கிறது. எங்கிருந்து போனது என்று கடைசிவரை தெரியவில்லை.

அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு என் கணினியின் ஸ்கேன் ஃபோல்டரைத் திறந்தேன். நான்கு வருடத்து ஸ்கேன்கள் கிடந்தன. அடையாள அட்டை, பாஸ்போட், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். மாமியின் அட்டையும் இருந்தது. நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் கடையில் வேலை செய்த பிள்ளைகள், ரிப்பெயருக்கு வந்தவர் என்று எத்தனையோ கைகள் அந்தக் கணினியைத் தொட்டிருக்கின்றன. அன்று தொடங்கி மாற்றிய வேலைமுறையைத்தான் எழுதுகிறேன், கடை வைத்திருப்பவர்களுக்கும் கடைக்கு வருபவர்களுக்கும் சேர்த்து.

முதலில், அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 85623 என்று தொடங்கினால், 1985 மே 2ஆம் திகதி பிறந்த பெண். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வரும், மற்றது அதே கணக்கு. ஆக, இலக்கம் தெரிந்தவனுக்கு உங்கள் பிறந்த திகதியும் தெரியும். பின்பக்கத்தில் விலாசம் இருக்கிறது. அதனால் கேட்டவர்கள் முன்பக்கம் மட்டும் கேட்டால் முன்பக்கம் மட்டும் எடுங்கள்.

கொப்பி எடுத்ததும் பேனாவால் அதன் மேல் எழுதுங்கள்: இன்ன இடத்துக்கு, இன்ன தேவைக்கு மட்டும், இன்ன திகதி. ஓரத்தில் எழுதினால் பயனில்லை, வெட்டிவிடலாம். முகத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல், எழுத்து அட்டைப் படத்தின் மேல் குறுக்கே ஓட வேண்டும். கவுண்டரில் இதற்கென்றே ஒரு நீலப் பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன். எழுதிய கொப்பி வேண்டாம் என்று ஒரே ஓர் இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் வாசிக்கக்கூடியதாகத்தானே இருக்கிறது என்று வந்தவர் கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள்.

சரியாக விழாத கொப்பியைக் கேட்டு வாங்கிக் கிழியுங்கள். முன்பு நான் பிழைத்த தாள்களைச் சேர்த்துக் கச்சான் விற்பவருக்குக் கொடுத்துவந்தேன். யாருடைய அட்டை யார் கையில் கச்சான் சுருளாகப் போனதோ, இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

அடுத்தது வட்ஸ்அப். கடைகளில் அதிகம் கசிவது இதில்தான் என்பது என் அனுபவம். படத்தைக் கடை இலக்கத்துக்கு அனுப்புவீர்கள், பிரிண்ட் எடுப்போம், நீங்கள் போய்விடுவீர்கள். படம் கடை போனில் இருக்கும், கணினியில் இறக்கியிருந்தால் அங்கேயும் இருக்கும், போனின் கூகுள் போட்டோஸ் சேமிப்புக்கும் ஏறியிருக்கும். பிரிண்ட் கைக்கு வந்ததும் உங்கள் போனிலிருந்து 'எல்லோருக்கும் அழி' என்பதைக் கொடுங்கள். ஆனால் கடை போனில் படம் தானாகக் கேலரியில் சேமிக்கப்பட்டிருந்தால் அது மட்டும் போதாது. கடைக்காரர்களே, வட்ஸ்அப் அமைப்பில் தானியங்கிப் பதிவிறக்கத்தையும், கேலரியில் படம் காட்டுவதையும் நிறுத்துங்கள். மறையும் செய்திகளை 24 மணித்தியாலத்துக்கு வையுங்கள். கடை வேலைக்குத் தனி போன் இருந்தால் இன்னும் நல்லது, குடும்பப் படங்களோடு ஊராரின் அட்டைகள் கலக்காது.

கணினியில் பிரவுசரைக் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கிறேன். ஜன்னலை மூடினால் உள்ளே போன கணக்கும் போய்விடும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான். ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வரும்படி செய்திருக்கிறேன். அதையும் டவுன்லோட்ஸையும் இரவு ஷட்டர் இழுக்குமுன் ஷிஃப்டோடு டிலீட் அழுத்தி அழிப்பேன். அப்படி அழித்ததும் திறமையுள்ளவன் கையில் திரும்பி வரலாம். அதனால் பழைய கணினியை விற்கும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி உடைத்துவிட்டேன். பெரிய போட்டோகொப்பி மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. விற்கும்போது அதையும் விசாரியுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் கடலோரக் கல்லாற்று ஆட்கள் என்னிடம் கேட்பது வேறு. "ஒரு கொப்பியை உங்கட கொம்பியூட்டர்லயே வைங்க மகள், எங்களுக்கு ஒண்டும் மிஞ்சேல்ல." 2004 டிசம்பர் 26 காலை வீட்டோடு பத்திரங்களையும் கடல் கொண்டுபோனது. வருடக்கணக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் அவர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் தட்டிக்கழிப்பதில்லை. ஆனால் என் கணினி அதற்கு இடமல்ல. அவர்களுடைய சொந்த மின்னஞ்சலுக்கு, அவர்கள் முன்னாலேயே அனுப்பிக்கொடுக்கிறேன். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு ஒன்றைத் திறந்து, இரண்டு படிச் சரிபார்ப்பும் போட்டுக் கொடுக்கிறேன். கடவுச்சொல்லை அவர்களே தட்ட வேண்டும், நான் திரும்பி நிற்பேன். போன் பழக்கமில்லாதவர்கள் ஒரு செட் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடலுக்குத் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வர இருந்து தள்ளிப்போயின, பிறகு அதே வருடம் திருத்தமும் வந்தது. வாங்கிய தேவைக்கு மட்டும் பயன்படுத்து, தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்பது அதன் அடிப்படை. மருத்துவ விபரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. மீறினால் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். பெரிய கம்பனிகளுக்குத்தானே என்று கடைக்காரர்கள் இருந்துவிட வேண்டாம். மற்றவர்களின் அட்டை நம் கணினியில் இருந்தால் பொறுப்பும் நம்மிடம் இருக்கிறது.

ஏற்கனவே தவறு நடந்துவிட்டால், தொலைபேசியில் பேசி அலைக்கழியாமல் எழுத்தில் கேளுங்கள். மாமிக்காகக் கடன் கொடுத்தவர்களுக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டோம்: அவர் பிணைக் கையெழுத்து வைத்த பத்திரத்தின் பிரதி. பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியையும் இணைத்தோம். ஒருவர் பெயரிலுள்ள கடன்களைக் காட்டும் கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை வங்கி மூலம் எடுத்து, அவர் பெயரில் வேறு கடன் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். போனிலோ சமூக ஊடகக் கணக்கிலோ மோசடி நடந்தால், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மாமிக்காகக் கேட்ட பத்திரம் வந்தது. அதிலிருந்தது தமிழில் எழுதிய நீளமான கையெழுத்து. மாமி வாழ்நாள் முழுக்கப் பெருவிரல் அடையாளம் வைப்பவர். அந்தக் கடனிலிருந்து அவர் பெயரை எடுக்க மூன்று மாதம் ஆனது.