மெயில் ஸ்பேமில் விழாமலிருக்க டிஎன்எஸ்ஸில் செய்ய வேண்டியவை

தம்புச் செட்டித் தெருவிலோ லிங்கிச் செட்டித் தெருவிலோ இருக்கும் ஒரு ஷிப்பிங் ஆபீஸுக்கு மெயில்தான் கை, கால். அரைவல் நோட்டீஸ், டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான் போகிறது. அது பார்ட்டியின் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்தால், ஃப்ரீ டேஸ் (கண்டெய்னரைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் நாள்கள்) முடிந்து டிடென்ஷன் (தாமதக் கட்டணம்) ஏறின பிறகுதான் "மெயிலே வரலியே சார்" என்று போன் வரும். மெயிலில் எழுதியிருக்கும் விஷயத்தால் இப்படி ஆவது குறைவு. அனுப்பும் சர்வர் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரும், டிஎன்எஸ் (டொமைன் பெயர், ஐபி எண் விவரங்களை வைத்திருக்கும் இணையப் பெயர்ப்பதிவு) அதைப் பற்றிச் சொல்லும் பெயரும் ஒத்துப்போகாததுதான் பெரும்பாலும் காரணம்.

ரெக்கார்டுகளைப் போனில் ஒருவர் சொல்ல இன்னொருவர் தட்டுவது போல, ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி, இடைவெளி எல்லாம் அப்படியே. டொமைனுக்கு எக்ஸாம்பிள்.காம், ஐபிக்கு 203.0.113.25 என்று வைத்திருக்கிறோம். இரண்டும் உதாரணத்துக்கென்றே ஒதுக்கி வைத்தவை. அந்த இடத்தில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பேப்பர் எடுங்கள்

டிஎன்எஸ் ரெக்கார்டுகளை மாற்றும் பேனலைத் திறக்கும் முன், உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்புவது எதெல்லாம் என்று எழுதுங்கள். ஆபீஸ் மெயில் சர்வர் ஒன்று. டேலியிலிருந்து நேரே இன்வாய்ஸ் போகிறதா? வெப்சைட்டில் இருக்கும் என்கொயரி ஃபார்ம்? சம்பள ஸ்லிப் அனுப்பும் சாஃப்ட்வேர்? பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பப் பிடித்த பல்க் மெயில் சர்வீஸ்? ஸ்கேன் எடுத்து அப்படியே மெயிலில் தள்ளும் ஜெராக்ஸ் மிஷின்? கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் அதுதான் கழுத்தறுக்கும்.

அடுத்தது நேம்சர்வர், அதாவது உங்கள் டொமைனின் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வைத்துப் பதில் சொல்லும் சர்வர். டொமைன் வாங்கின இடம் ஒன்றாகவும் டிஎன்எஸ் ஓடுகிற இடம் வேறாகவும் இருக்கலாம். நேம்சர்வர் கிளவுட்ஃப்ளேர் என்ற டிஎன்எஸ் சர்வீஸைக் காட்டும்போது, டொமைன் வாங்கின இடத்துப் பேனலில் எத்தனை ரெக்கார்டு போட்டாலும் ஒன்றும் நடக்காது. டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் 'டிக்' (dig) கமாண்டில் என்எஸ் (நேம்சர்வர்) ரெக்கார்டைக் கேட்டால் எந்தப் பேனல் என்று தெரிந்துவிடும். வெப்சைட் செய்து கொடுத்தவரின் லாகினில் டொமைன் மாட்டிக்கொண்டிருந்தால், மற்றதெல்லாம் அப்புறம். அதை முதலில் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்.

ஐபிக்குப் பெயர் இருக்கிறதா

இதைத்தான் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஜிமெயில் சர்வர் உங்கள் ஐபியைப் பார்த்ததும் அதன் பெயர் என்ன என்று ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் கேட்கும். வருகிற பெயரை மறுபடி நேராகத் தேடி, அது அதே ஐபிக்குத் திரும்பி வருகிறதா என்றும் பார்க்கும். இரண்டில் ஒன்று இடித்தாலும் 550-5.7.25 என்ற எண்ணோடு மெயில் திரும்பி வரும்.

இதற்கு மூன்று இடத்தில் ஒரே பெயர் இருக்க வேண்டும். ஏ ரெக்கார்டில் மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்பது 203.0.113.25-ஐக் காட்ட வேண்டும். பிடிஆர் ரெக்கார்டில் 203.0.113.25 என்பது மெயில்.எக்ஸாம்பிள்.காம்-ஐக் காட்ட வேண்டும். இன்னொரு சர்வரோடு பேச ஆரம்பிக்கையில் உங்கள் சர்வர் 'ஹெலோ' (HELO) சொல்லும்போதும் அதே பெயரைச் சொல்ல வேண்டும்; போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் சாஃப்ட்வேரில் அது 'மைஹோஸ்ட்நேம்' என்ற வரியில் இருக்கிறது. அந்த வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று விட்டுவைத்த சர்வர்களுக்குக் குறைவில்லை.

பிடிஆர் உங்கள் டிஎன்எஸ் பேனலில் இருக்காது. ஐபி யாருடையதோ அவர்தான் போட முடியும். விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர்) என்றால் அந்தக் கம்பெனியின் கன்ட்ரோல் பேனலில் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். ஆபீஸ் லீஸ்டு லைன் என்றால் லைன் கொடுத்தவருக்கு மெயில் போட்டு, ஐபி, பெயர் இரண்டையும் எழுதிக் கேட்க வேண்டும்.

தண்டையார்பேட்டை வீட்டு மாடியிலோ ராயபுரம் கடையிலோ இருக்கிற சாதாரண ஃபைபர் லைனில் சர்வர் வைத்து நேரே மெயில் அனுப்புவதை மறந்துவிடுங்கள். அந்த ஐபி நிலையாக இருக்காது. பல வீடுகளுக்கு ஒரே ஐபி என்றும் இருக்கலாம். மெயில் தடுப்புப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலில் இந்த மாதிரி ஐபிகள் மொத்தமாக ஏற்றப்பட்டிருக்கும். நீங்கள் தப்பு செய்ததால் ஏறின பட்டியல் அல்ல அது. இந்த லைனிலிருந்து நேராக மெயில் வரக்கூடாது என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். சர்வருக்குச் சர்வர் மெயில் போகும் போர்ட் 25 மூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அமேசான், கூகுள் கிளவுட் சர்வர்களிலும் போர்ட் 25 வெளியே போக விடாமல் மூடித்தான் வரும். அந்த நிலையில் 587 போர்ட்டில் ஒரு ரிலே சர்வீஸ் (உங்கள் மெயிலை வாங்கி உங்களுக்காக அனுப்பும் சர்வீஸ்) வழியாக அனுப்புவதே புத்திசாலித்தனம்.

சர்வரில் ஐபிவி6 இருந்தால் அதற்கும் தனி பிடிஆர் வேண்டும். போட வழியில்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-ல் மட்டும் ஓட விடுங்கள். சோதித்தால் சரியாக இருக்கிறது, சில மெயில் மட்டும் திரும்புகிறது என்றால் ஐபிவி6-ஐத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே வரும் மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டு சுலபம். அதில் பெயர்தான் இருக்க வேண்டும். ஐபி கூடாது, அந்தப் பெயர் சிநேமாகவும் (CNAME, இன்னொரு பெயருக்கான மாற்றுப்பெயர்) இருக்கக் கூடாது. கிளவுட்ஃப்ளேர் என்றால் மெயில் என்ற ஏ ரெக்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பலாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெயர் உங்கள் ஐபிக்குப் பதில் கிளவுட்ஃப்ளேரின் ஐபியைக் காட்டும். இரண்டாவது பேக்கப் எம்எக்ஸ் தேவையில்லை. கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கிற நாளில் உங்கள் லைன் விழுந்தாலும், அனுப்பினவரின் சர்வர் வழக்கமாக நான்கைந்து நாள் விட்டுவிட்டு முயன்றுகொண்டேதான் இருக்கும்.

எஸ்பிஎஃப் (SPF): யாருக்கு அனுமதி

போர்ட் கேட்டில் எந்த டிரான்ஸ்போர்ட்டின் டிரெய்லரை உள்ளே விடலாம் என்று பட்டியல் இருப்பது போல, உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த ஐபிகளுக்கு அனுமதி என்ற பட்டியல் இது. டிஎக்ஸ்டி (TXT) வகை ரெக்கார்டு. ஹோஸ்ட் பெட்டியில் அட் குறி மட்டும்.

வி=எஸ்பிஎஃப்1 ஐபி4:203.0.113.25 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம் ~ஆல்

நடுவில் இருக்கும் இன்க்ளூட், கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வேறு சர்வீஸ் என்றால் அவர்கள் பேனல் காட்டும் பெயரை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

தப்பு நடப்பது எப்போதும் சில இடங்களில்தான். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். பல்க் மெயில் சர்வீஸ் "இதைச் சேருங்கள்" என்று ஒரு வரி கொடுக்கும். அதை இரண்டாவது ரெக்கார்டாகப் போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். இன்க்ளூட் பகுதியை மட்டும் வெட்டிப் பழைய வரிக்குள் சேர்க்க வேண்டும். இன்னொன்று, மொத்தத் தேடல் 10-ஐத் தாண்டக்கூடாது. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ் இவை கணக்கில் வரும், ஒரு இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் சேர்த்து. ஐபி4, ஐபி6 கணக்கில் வராது. அதனால் சொந்த சர்வரை எப்போதும் எண்ணாகவே எழுதுங்கள். நிறுத்திவிட்ட சர்வீஸின் இன்க்ளூடை எடுத்துவிடுங்கள்.

கடைசியில் கழித்தல் குறி போட்ட ஆல் வேண்டுமா, அலைக்குறி போட்ட ஆல் வேண்டுமா என்று சண்டையே நடக்கும். கீழே வரும் டிமார்க் போடப் போகிறீர்கள் என்றால் அலைக்குறியே போதும் என்பது எங்கள் கட்சி. பார்ட்டி தன் ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், அங்கே போய்ச் சேரும் ஐபி உங்களுடையதாக இருக்காது. கழித்தல் குறி இருந்தால் டிகிமை (அடுத்து வருகிறது) பார்க்கும் முன்பே கதவைச் சாத்திவிடும் சர்வர்கள் உண்டு. கூட்டல் குறி போட்ட ஆல் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். அது உலகத்தில் யார் வேண்டுமானாலும் என் பெயரில் அனுப்பலாம் என்று போர்டு மாட்டுவது.

டிகிம் (DKIM): சீல்

எஸ்பிஎஃப் லாரியைப் பார்க்கிறது என்றால் டிகிம் கண்டெய்னர் சீலைப் பார்க்கிறது. லாரி மாறலாம், சீல் உடையக்கூடாது. சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும்.

சொந்த சர்வர் என்றால் ஓப்பன்டிகிம் ஜென்கீ (opendkim-genkey) கமாண்டில் 2048 பிட் என்று கொடுத்துச் சாவி உண்டாக்குங்கள். எந்தச் சாவி என்று காட்டும் செலக்டர் பெயர் உங்கள் இஷ்டம். எஸ்1 என்று வைத்தால் ரெக்கார்டின் ஹோஸ்ட் எஸ்1._டொமைன்கீ என்று வரும். முன்னால் இருக்கும் அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

பேனலில் ஒட்டும் இடத்தில்தான் வேலை கெடும். அந்தக் கமாண்டு கொடுக்கும் டெக்ஸ்ட் ஃபைலில் அடைப்புக்குறி, மேற்கோள் குறி, நடுவில் வரி உடைப்பு எல்லாம் இருக்கும். அது பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் சாஃப்ட்வேரின் ஃபைலுக்கான வடிவம். 2048 பிட் பொதுச் சாவி 392 எழுத்து. டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255-க்கு மேல் போகக்கூடாது என்பதால்தான் அப்படி உடைத்திருக்கிறது. பெரும்பாலான பேனல்கள் உடைப்பதைத் தாமே பார்த்துக்கொள்ளும். நீங்கள் அடைப்பும் மேற்கோளும் இல்லாமல், ஒரே நீள வரியாக ஒட்ட வேண்டும்:

வி=டிகிம்1; கே=ஆர்எஸ்ஏ; பி=சாவி

இந்த ரெக்கார்டில் டிகிம் என்பது மட்டும் பெரிய எழுத்து. சாவியின் எழுத்துகளில் பெரிசு, சின்னது மாறக்கூடாது. ஒட்டின பிறகு வால் பகுதியைப் பாருங்கள். 2048 பிட் சாவி வழக்கமாக ஐ, டி, ஏ, க்யூ, ஏ, பி என்ற ஆறு பெரிய எழுத்துகளில் முடியும். அது இல்லையென்றால் பேனல் பாதியில் வெட்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் ஓப்பன்டிகிம் டெஸ்ட்கீ (opendkim-testkey) கமாண்டை -vvv சேர்த்து ஓட்டினால் 'கீ ஓகே' என்று வர வேண்டும். கூடவே 'கீ நாட் செக்யூர்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், டொமைனில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்கே கையெழுத்துப் போடும் பாதுகாப்பு) இல்லை என்பதைத்தான் சொல்கிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸ்காரர்கள் ரெக்கார்டைப் போட்டதோடு எழுந்து போய்விடாமல், அட்மின் கன்சோலுக்குத் திரும்பி 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்தும் வரை உங்கள் டொமைன் பெயரில் கையெழுத்து விழாது.

டிமார்க் (DMARC): பெயர் பொருந்துகிறதா

எஸ்பிஎஃப் பார்ப்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் முகவரியை அல்ல, உள்ளே ஒளிந்திருக்கும் ரிட்டர்ன் பாத்தை. பல்க் மெயில் சர்வீஸ் வழியாகப் போகும் மெயிலில் ரிட்டர்ன் பாத் அவர்களுடைய டொமைனாக இருக்கும். எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனால் அவர்கள் பெயரில். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது ஃப்ரமில் இருக்கும் அதே டொமைனில் பாஸ் ஆக வேண்டும் என்பதுதான் டிமார்க். அந்த சர்வீஸில் டொமைன் வெரிஃபிகேஷன் பக்கம் போய், உங்கள் பெயரில் டிகிம் போடும் ரெக்கார்டுகளை வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

ஹோஸ்ட் பெட்டியில் _டிமார்க். வேல்யூ:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யுஏ=மெயில்டூ:ரிப்போர்ட்@எக்ஸாம்பிள்.காம்

இதிலும் டிமார்க் மட்டும் பெரிய எழுத்து. 'நன்' (none) என்றால் எதையும் தடுக்காதே, ரிப்போர்ட் மட்டும் அனுப்பு என்று பொருள். தினமும் ஜிப் செய்த எக்ஸ்எம்எல் ஃபைல்கள் வரும். அதில் உங்களுக்குத் தெரியாத ஐபி ஒன்று உங்கள் பெயரில் நாற்பது மெயில் அனுப்பி, இரண்டும் ஃபெயில் என்று இருந்தால், திருடன் என்று முடிவு கட்டும் முன் அந்த ஜெராக்ஸ் மிஷினை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளச் சுற்று, ஒரு ஜிஎஸ்டி சுற்று முழுசாகப் போகட்டும். நியாயமான மெயில் எல்லாம் பாஸ் ஆன பிறகு 'குவாரன்டைன்', இன்னும் சில வாரம் கழித்து 'ரிஜெக்ட்'. முதல் நாளே ரிஜெக்ட் போட்டால் சொந்த இன்வாய்ஸே திரும்பி வரும்.

பெரிய அளவில் அனுப்புகிறவர்களுக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்பினால் 2024 பிப்ரவரி முதல் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அவுட்லுக்.காம் 2025 மே முதல் இதே அளவுக்கு மூன்று ரெக்கார்டையும் கேட்கிறது. குறைவாக அனுப்புகிறவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஒழுங்கான பிடிஆர், டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது) இவை தேவை.

சரிபார்ப்பது

ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். மேலே சின்னக் கட்டத்தில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே பாஸ் என்று இருக்க வேண்டும். டிகிமுக்கு எதிரே இருக்கும் டொமைன் பெயரையும் படியுங்கள். அங்கே வேறு கம்பெனி பெயர் இருந்தால் டிமார்க் எஸ்பிஎஃப் ஒன்றை நம்பி நிற்கிறது. பேப்பரில் எழுதின ஒவ்வொரு இடத்திலிருந்தும் தனித்தனியாக இப்படி அனுப்பிப் பாருங்கள்.

ரெக்கார்டு போட்டும் வெளியே தெரியவில்லையா? ஹோஸ்ட் பெட்டியில் முழு டொமைனையும் தட்டியிருப்பீர்கள். பல பேனல்கள் டொமைனைத் தாமே ஒட்டிக்கொள்ளும், _டிமார்க்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் என்று ரெட்டைப் பெயராகிவிடும். இன்னொரு காரணம் அவசரம்: ரெக்கார்டு போடும் முன்பே கேட்டுப் பார்த்திருந்தால் 'இல்லை' என்ற பதிலும் கொஞ்ச நேரம் கேஷில் (தற்காலிக நினைவில்) தங்கும். 'டிக்' கமாண்டில் உங்கள் நேம்சர்வரையே நேராகக் கேளுங்கள்.

மூன்றும் பாஸ், ஆனாலும் ஸ்பேமில் விழுகிறது என்றால் இனி டிஎன்எஸ்ஸில் தோண்டிப் பயனில்லை. புது ஐபியிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் அனுப்பினீர்களா, எங்கோ வாங்கின லிஸ்டுக்கு அனுப்பினீர்களா, ஆபீஸில் யாருடைய பாஸ்வேர்டாவது களவு போய் இரவில் மெயில் கொட்டுகிறதா என்று சர்வர் லாகில் பாருங்கள். ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் ஐபியைத் தேடுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பெயரை நீக்கச் சொன்னால் மறுபடி ஏறும்.

லைனோ சர்வரோ மாற்றப் போகிறீர்கள் என்றால், ஒரு நாள் முன்னதாக டிடிஎல்லை (ரெக்கார்டை மற்றவர்கள் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 300-க்கு இறக்குங்கள். புது ஐபிக்குப் பிடிஆர் வாங்கிய பிறகு எஸ்பிஎஃப் வரியில் பழையது, புதியது இரண்டு ஐபியையும் வையுங்கள். பழைய சர்வரின் க்யூ (இன்னும் போகாமல் காத்திருக்கும் மெயில்கள்) காலியாகி ஒரு வாரம் போன பிறகு பழைய எண்ணை எடுத்துவிட்டு டிடிஎல்லை 3600-க்கு ஏற்றுங்கள்.