கூப்பர் விட்டுப்போன டை: துகளிலிருந்து ஆளைத் தேடும் முறை

1971 நவம்பர் 24 அன்று போர்ட்லாண்டிலிருந்து சியாட்டிலுக்குக் கிளம்பிய போயிங் 727-ஐக் கடத்தி, 2 லட்சம் டாலரோடு பாராசூட்டில் குதித்தவர், 'டான் கூப்பர்' என்ற பெயரில் டிக்கெட் வாங்கியிருந்தார். அவர் உண்மையில் யார் என்று இன்னும் தெரியவில்லை. அவர் பிடித்துப்போட்ட சிகரெட் துண்டுகள் பிற்பாடு தொலைந்துபோயின. இது பெரிய இழப்பு. எச்சிலோடு டிஎன்ஏவும் போயிற்று. அவர் விமானத்தில் விட்டுப்போன டையில் எடுத்த டிஎன்ஏவோ பலருடையது கலந்தது. ஆனால் அந்தக் கருப்பு கிளிப்-ஆன் டையே நல்ல தடயம். சட்டையைத் துவைக்கிறோம், டையை யாரும் துவைப்பதில்லை. வேலையிடத்துத் தூசி அதன் இழைகளில் மாதக்கணக்கில் சேரும்.

அந்தத் தூசியை எடுத்து ஆராயும் முறை இது. பவுடர் இல்லாத கையுறை போடுங்கள். 12.7 மி.மீ. அலுமினிய ஸ்டப்பில் (மைக்ராஸ்கோப்புக்குள் மாதிரியை வைக்கும் சிறு வட்டத் தாங்கி) கார்பன் டேப் ஒட்டி, பசை மங்கும்வரை துணிமேல் ஒற்றி எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், முடிச்சின் உள்மடிப்பு, கிளிப் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஸ்டப். வாக்குவம் வைத்து உறிஞ்சினால் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். கைபட்ட வெளிப்புறத்தைவிட உள்மடிப்பில் கிடைப்பதை நம்பலாம்.

அறைத் தூசி எது என்று தெரிய, அதே அறையில் ஒரு வெற்று ஸ்டப்பைத் திறந்து வையுங்கள். டை இருந்த உறையையும், கைரேகைப் பவுடரையும் மாதிரி எடுங்கள். சில பவுடர்களில் அலுமினியச் செதிலும் டைட்டானியம் டை ஆக்சைடும் உண்டு. இதை விட்டால் காவலர் தூவியதைக் கடத்தியவன் கணக்கில் எழுதிவிடுவோம்.

பிறகு, மாதிரியில் மின்சாரம் தேங்காமலிருக்க, கார்பன் பூச்சு. தங்கம் பூசினால் அதன் கோடு (எக்ஸ்-கதிர் நிறமாலையில் ஒரு தனிமத்தைக் காட்டும் உச்சி) பாஸ்பரஸுக்கும் கந்தகத்துக்கும் நடுவில் வந்து குழப்பும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பேக்ஸ்கேட்டர் முறையில் (மாதிரியில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்களைக் கொண்டு) தேடினால் இழைகள் இருட்டாகவும், கன உலோகத் துகள்கள் பளிச்சென்றும் தெரியும். அது எந்தத் தனிமம் என்று அறிய, பளிச்சென்ற ஒவ்வொன்றிலும் எக்ஸ்-கதிர் நிறமாலை எடுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். டைட்டானியத்தின் கோடு 4.51 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பேரியத்தின் கோடு 4.47. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பேரியம் என்றால் 4.83 அருகே இன்னொரு கோடு இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் டைட்டானியம் என்று எழுதாதீர்கள். அடுத்தது ஆக்சிஜன். வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, அது எங்கும் கிடைக்கும். உலோக டைட்டானியத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. துகள் சிறிதென்றால் மைக்ராஸ்கோப்பின் எலக்ட்ரான் கதிர் ஊடுருவி, அடியிலுள்ள பாலியஸ்டர் இழையின் ஆக்சிஜனையும் சேர்த்துக் காட்டும். கதிர் அவ்வளவு ஆழம் போகாதபடி, அதன் 20 கிலோ வோல்ட்டை 10 ஆகக் குறைத்து மறுபடி பாருங்கள்.

கூப்பரின் டையை 2009 முதல் ஆராய்ந்த, தொல்லுயிர் ஆய்வாளர் டாம் கேயின் குழு கண்டது கலப்பற்ற டைட்டானியம். 1971-இல் அது அரிது. அந்த உலோகத்தைத் தயாரித்த, வெட்டிய ஆலைகளையும் சில ரசாயன ஆலைகளையும் தாண்டி அவ்வளவாகப் புழங்கவில்லை. ஆனால் ஒரு தனிமத்தை வைத்து ஆலையைக் குறிக்காதீர்கள். எந்தெந்தத் துகள்கள் சேர்ந்து கிடக்கின்றன என்பதே ஒரு பட்டறையின் அடையாளம்.

டை பழைய கடையில் வாங்கியதாகவோ கடன் வாங்கியதாகவோ இருக்கலாம். ஆகவே துகளை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்லாதீர்கள். பட்டியலைச் சுருக்க மட்டும் பயன்படுத்துங்கள். சந்தேகப்படும் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்க வேண்டியது: டை கட்டிக்கொண்டே உலோகத் தூசிக்கு நடுவே நிற்கும் பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ 1971-க்கு முன் இவர் வேலை பார்த்தாரா?