டோனட் கடையில் முதலில் எதைக் கேட்பது

கையால் மாவு பிசைந்து, அன்றைக்கு வேண்டியதை அன்றே பொரித்து விற்கும் டோனட் கடைக்கு முதன்முறையாகச் செல்பவரின் கண் நேராக மேற்பூச்சின் மீதுதான் போய் நிற்கும். பிஸ்தா தூவியது, ராஸ்பெர்ரியால் சிவந்தது, உப்புக் கேரமல் வழிவது என்று கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இருந்தாலும் முதல் டோனட்டாக, மெல்லிய சர்க்கரைக் கிளேஸ் தவிர வேறொன்றும் இல்லாத சாதா ஈஸ்ட் டோனட்டையே கேட்டு வாங்குங்கள். நல்ல சாக்லேட்டை வாங்கி உருக்கி ஊற்ற எந்தக் கடையாலும் முடியும். மாவைப் பதம் பார்த்துப் புளிக்க வைத்துப் பொரிப்பதில்தான் ஒரு கடையின் கைப்பக்குவம் இருக்கிறது, அந்தப் பக்குவத்தை மறைக்கச் சாதா டோனட்டில் இடமில்லை.

ஈஸ்ட் டோனட் பொரித்த சில மணி நேரத்திலேயே மென்மையை இழக்கத் தொடங்கிவிடும் என்பதால், கடை திறந்த கையோடு செல்வது பொதுவாக நல்லது. க்ரீம் நிரப்பியவற்றுக்காகச் செல்கிறவர்கள் சற்றுத் தாமதித்துப் போனாலும் நஷ்டமில்லை. சூடான டோனட்டுக்குள் கஸ்டர்டைச் செலுத்தினால் இளகி ஓடிவிடும் ஆகையால், ஆறிய பிறகே நிரப்புவார்கள். அடுத்த ஈடு எப்போது வரும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாளெல்லாம் சிறு சிறு ஈடுகளாகப் பொரிக்கும் கடை என்றால் நேரத்தைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விடியற்காலையிலேயே பொரித்து முடித்துவிடுகிறவர்கள் என்றால் அதுவும் தெரிந்துவிடும், மாலையில் போய் ஏமாற வேண்டியதில்லை.

டோனட் கைக்கு வந்ததும் கடித்துவிடாமல் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மேலும் கீழும் பொன்னிறமாகச் சிவந்திருக்க, இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியதுபோல் ஒரு வெளிறிய பட்டை ஓட வேண்டும். நன்கு உப்பிய மாவு காற்றை ஏந்தி லேசாக இருப்பதால் எண்ணெயில் ஒரு பகுதிதான் அமிழும். ஒரு பக்கம் வெந்து திருப்பிப் போட்ட பிறகும் எண்ணெய் எட்டாத அந்த நடுப்பகுதி நிறம் பிடிக்காமல் நின்றுவிடுகிறது. பட்டையே இல்லாத ஈஸ்ட் டோனட் பெரும்பாலும் போதிய நேரம் உப்ப விடாமல் பொரித்ததாக இருக்கும், வாயில் போட்டால் கனமாகவே மெல்லுப்படும். அடுத்து விரலால் லேசாக அழுத்தினால் பள்ளம் நிதானமாக மேலெழும்பி வர வேண்டும். கிளேஸையும் வெளிச்சத்தில் பாருங்கள்: சூட்டோடு முக்கி எடுத்த டோனட்டில் அது கண்ணாடிபோல் மெலிதாகப் படிந்து, கடிக்கும்போது செதில் செதிலாக நொறுங்கும், ஆறிய பிறகு பூசியது வெள்ளையாகத் தடித்து நிற்கும்.

டோனட் இருந்த தாளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். டோனட் பொரிக்கும் சூடு ஏறத்தாழ 175 முதல் 190 டிகிரி செல்சியஸ். அதற்கு மிகவும் குறைந்தால் மேலோடு இறுகத் தாமதமாகி, வேகும்வரை எண்ணெயில் கிடந்து அதைக் குடித்துவிடும். எடுத்த இடத்தில் தாள் முழுக்க எண்ணெய் ஊறி, விரல்களிலும் பிசுக்கு ஒட்டினால், என்ன பூச்சுப் பூசியிருந்தாலும் அந்த ஈடு தேறாது.

சாதாவில் கடை தேறிவிட்டதென்றால் பிறகு மற்ற வகைகளுக்குத் தாராளமாகப் போகலாம். பேக்கிங் பவுடரால் எழும்பும் கேக் டோனட்டை, ஈஸ்ட் டோனட்டைப்போல் பஞ்சாக இல்லையே என்று குறை சொல்வது நியாயமல்ல. அது நெருக்கமாக, உதிரும் பதத்தில்தான் இருக்க வேண்டும். அதன் தம்பியான ஓல்டு ஃபேஷன்ட் என்ற வகை, புளித்த க்ரீமோ மோரோ சேர்த்துச் சற்றுக் குறைந்த சூட்டில் பொரிப்பதால் மேலெல்லாம் வெடித்துப் பூவாக விரிந்திருக்கும். அந்த வெடிப்புகளின் மொறுமொறுப்பான ஓரங்களில் கிளேஸ் தேங்கி நிற்கும் இடத்துக்காகவே, என்னைக் கேட்டால், கண்ணாடிப் பெட்டியின் அலங்காரங்கள் அத்தனையையும் விட்டுக்கொடுக்கலாம். முறுக்கிய வளையம்போல் இருக்கும் பிரெஞ்சு க்ரல்லர் ஈஸ்ட்டும் பேக்கிங் பவுடரும் இல்லாமல், மாவின் ஈரம் ஆவியாகும் வேகத்திலேயே உப்புவது; உள்ளே கூடாகவும் முட்டை மணத்தோடும் இருந்தால் அது சரியாக வெந்திருக்கிறது.

இத்தனையையும் ஒருவரே முழுதாகத் தின்று பார்ப்பது நடக்கிற காரியமல்ல. மூன்று நான்கு பேராகப் போய், ஆளுக்கொரு வகை வாங்கி, ரொட்டி வெட்டும் பல்வைத்த கத்தியால் அழுத்தாமல் அறுத்து நான்கு துண்டாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் கத்தி கேட்டால் தருவார்கள், அல்லது அவர்களே வெட்டிக் கொடுப்பார்கள். இனிப்பு நாக்கை விரைவில் சலிக்க வைத்துவிடும் என்பதால் சாதாவில் தொடங்கி, பட்டை, ஜாதிக்காய் போன்ற மணங்களுக்கும், பிறகு பிஸ்தா போன்ற பருப்பு வகைகளுக்கும் போய், நாக்கு அயரும் நேரத்தில் எலுமிச்சை, பாஷன் ஃப்ரூட் போன்ற புளிப்பானவற்றை எடுத்துவிட்டு, சாக்லேட்டையும் கேரமலையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே குடிக்கச் சர்க்கரை போடாத காப்பியோ சாதாரணத் தண்ணீரோ போதும்; ஐஸ் தண்ணீர் நாக்கை மரக்க வைக்கும்.

துளையில்லாமல் உருண்டையாக நிரப்பி விற்பதற்கு மட்டும் தனி எச்சரிக்கை தேவை. டோனட்டில் துளை போடும் யோசனை 1847-இல் தனக்குத் தோன்றியது என்று ஹான்சன் கிரகரி என்ற அமெரிக்க மாலுமி பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். ஓரம் வெந்தாலும் நடு வேகாமல் மாவாகவே இருந்ததுதான் அவர் சொன்ன காரணம். உருண்டை டோனட்டுக்கு அந்தச் சிக்கல் இன்றும் உண்டு, ஆகவே வெட்டிய முகத்தின் நடுவில் ஈரப் பசையாக ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டாமல் கடிப்பதானால், பக்கத்தில் க்ரீம் செலுத்திய சிறு துளை எங்கே இருக்கிறது என்று தேடி, அந்தப் பக்கத்திலிருந்தே கடிக்கத் தொடங்குங்கள். ஒரு கடையில் எலுமிச்சை கர்ட் (எலுமிச்சைச் சாறு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கூழ்) நிரப்பியதை எதிர்ப்பக்கத்தில் கடித்து, முதல் மூன்று கடிக்கு வெறும் மாவையும் நான்காவது கடிக்குச் சட்டையெல்லாம் கர்ட்டையும் பெற்றவன் நான். நிரப்பு முழுவதும் துளையருகிலேயே குவிந்திருந்தது.

சைவ உணவுக்காரர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் வாங்குவதற்கு முன்பே சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். சில கடைகள் பன்றிக்கொழுப்பில் பொரிப்பதுண்டு. மார்ஷ்மெல்லோ பூச்சில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதுண்டு. பருப்பு இல்லாத டோனட்டும் பருப்புள்ளவற்றோடு ஒரே தட்டில், ஒரே இடுக்கியால் எடுக்கப்படுகிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்வதை மூச்சுவிடும் அட்டைப் பெட்டியில் ஓர் அடுக்காகவே வைக்கச் சொல்லுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் ஈரம் தங்கிக் கிளேஸ் கரைந்து வழியும். கஸ்டர்டோ க்ரீமோ நிரப்பியவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். சாதா டோனட்டை அங்கே வைக்காதீர்கள். குளிரில் மாவின் ஸ்டார்ச் இறுகி இன்னும் வேகமாக வறண்டுவிடும். அதை வெளியிலேயே மூடி வைத்து, மறுநாள் காலையில் மைக்ரோவேவில் எட்டு முதல் பத்து விநாடி காட்டினால் மீண்டும் மெத்தென்று ஆகும், ஆனால் அந்த மென்மை சில நிமிடங்கள்தான் நிற்கும் என்பதால் காப்பியை முதலில் கலந்து வைத்துவிட்டுச் சூடாக்குங்கள்.