விளையாட்டில் ஒரு காவலாளியை யோசிக்க வைப்பது எப்படி?

வீடியோ கேமில் எதிரி நம்மைத் துரத்தி வந்தால் அவனுக்குள் பெரிய மூளையே இருப்பது போலத் தோன்றும். பெரும்பாலான கேம்களில் உள்ளே இருப்பது சில நிபந்தனைகளும் கொஞ்சம் கணக்கும்தான். தானாகக் கற்றுக்கொள்ளும் நிரல்களும் உண்டு; 2019-இல் ஆல்ஃபாஸ்டார், ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் கிராண்ட்மாஸ்டர் என்ற மிக உயர்ந்த நிலையை எட்டியது. ஆனால் அது மனிதரை வெல்வதற்காகச் செய்யப்பட்டது. நம் காவலாளியின் வேலை வேறு. அவன் என்ன செய்யப்போகிறான் என்று ஆடுபவர் ஊகிக்க முடிய வேண்டும். அப்போதுதான் அவனை ஏமாற்ற வழி தேடுவார்.

சரி, தொடங்குவோம். எந்த கேம் எஞ்சினுக்கும் (கேம் உருவாக்க உதவும் மென்பொருளுக்கும்) இதே முறை பொருந்தும்.

படி 1: நிலைகள்

முதலில் காகிதத்தில் மூன்று நிலைகளை எழுதுங்கள்: ரோந்து, துரத்தல், தேடல். காவலாளி ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் இருப்பான். ஆளைப் பார்த்தால் ரோந்திலிருந்து துரத்தலுக்கு, தவறவிட்டால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போய்த் தேடும் தேடலுக்கு, சில நொடிகள் தேடியும் கிடைக்காவிட்டால் மறுபடி ரோந்துக்கு. இதற்கு ஸ்டேட் மெஷின் என்று பெயர்.

எளிமையாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 1980-இல் வந்த பேக்-மேன் விளையாட்டின் பேய்களும் இப்படித்தான் நிலை மாறுகின்றன. துரத்தும் நிலையில் சிவப்புப் பேய், பேக்-மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் தொலைவில் இருக்கும்வரை துரத்தும். 8 கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். குறிவைக்கும் விதி மட்டும்தான் வேறு. அதற்குள் ஒன்று முரடாகவும் மற்றொன்று கோழையாகவும் நமக்குத் தெரிகிறது! எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வடிவமைப்பு இதுதான்.

படி 2: கண்

காவலாளி பார்த்தானா என்பதை மூன்று சோதனைகளில் முடிவு செய்யலாம். ஆள் போதிய தூரத்துக்குள் இருக்கிறாரா? பார்வைக் கோணத்துக்குள் வருகிறாரா? இருவருக்கும் நடுவே சுவர் இருக்கிறதா? இதே வரிசையில் சோதியுங்கள். சுவர்ச் சோதனைக்குக் கணினி அதிகம் உழைக்க வேண்டும். முதல் இரண்டிலும் தேறினால் மட்டும் அதைச் செய்தால் போதும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். 10 அலகுக்குள் வந்தால் துரத்து, தாண்டினால் விட்டுவிடு என்று எழுதினால், ஆள் எல்லையில் நிற்கும்போது காவலாளி ஃபிரேமுக்கு ஃபிரேம் (திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும்) நிலை மாறி நடுங்குவான். அதனால் இரண்டு எல்லைகள் வையுங்கள்: துரத்தத் தொடங்க 8, கைவிட 12. நடுவில் இருக்கும்போது பழைய நிலையே தொடரட்டும்.

படி 3: கால்

வழி தேட ஏ ஸ்டார் முறை போதும். 1968-இல் வெளியான இந்த முறை இன்றும் கேம்களில் பரவலாகப் பயன்படுகிறது. தரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்களைக் கூட்டுங்கள்: தொடங்கிய இடத்திலிருந்து இதுவரை வந்த தூரம், இலக்குவரை இன்னும் இருக்கக்கூடிய தூரம். கூட்டுத்தொகை குறைவான கட்டத்தையே அடுத்து ஆராயுங்கள். இரண்டாவது எண் ஊகம்தான். அது உண்மையான தூரத்தைத் தாண்டாதவரை, கிடைப்பது மிகக் குறுகிய வழியாகவே இருக்கும்.

நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிநொடிதான் கிடைக்கும். படம் வரைவதும் அதற்குள் நடக்க வேண்டும். அதனால் ஃபிரேம்தோறும் வழி தேடாமல், அரை நொடிக்கு ஒருமுறை தேடினால் போதும்.

படி 4: தாமதம்

ஆள் கண்ணில் பட்டவுடன் பாய்கிற எதிரி எரிச்சலூட்டுவான். கால் நொடியாவது நின்று திரும்பிப் பார்க்கட்டும். தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி வரட்டும். ஆடுபவருக்கு ஒளிந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

சோதிக்கும்போது பார்வைக் கோணத்தையும் தற்போதைய நிலையின் பெயரையும் திரையில் காட்டுங்கள். பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். இதெல்லாம் ஒழுங்காக ஓடியதும் காவலாளிக்குக் காதையும் கொடுக்கலாம். சத்தம் வந்த இடத்தை, ஆளைக் கடைசியாகப் பார்த்த இடமாகப் பதிந்து, நிலையைத் தேடலுக்கு மாற்றுங்கள். மீதி வேலையை ஏற்கெனவே எழுதிய நிரலே பார்த்துக்கொள்ளும்.