ஆளி விதை ஜெல்: முதல் முறையே பதமாக வர

முகத்தில் தடவும் ஆளி விதை ஜெல் செய்வதில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்றுதான், வடிகட்டுவது. முதல் தடவை, ஆறட்டும் என்று அடுப்பிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் விதையும் ஜெல்லும் ஒரே கட்டியாக உறைந்திருந்தன. வடிகட்டியில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அதனால் வடிகட்டியையும் துணியையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

தேவையானவை: முழு ஆளி விதை 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 கப் (சுமார் 250 மி.லி.), மெல்லிய பழைய வேட்டித் துணி, மூடியுள்ள சின்னக் கண்ணாடி பாட்டில்.

விதை நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சில கடைகளில் அலிசி விதை என்பார்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக, பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். பொடி வேண்டாம், அதை வடிகட்டவே முடியாது.

படி 1. விதையைத் தூசி போக ஒருமுறை சட்டென்று அலசுங்கள். ஊறவிட்டால் கொழகொழப்பு அலசும் தண்ணீரோடு போய்விடும்.

படி 2. தண்ணீரில் விதையைப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் மேலே வெள்ளை நுரை கட்டும். கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். சொட்டு சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபட்டு நூலாக விழுந்தால் உடனே இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால், கொஞ்சம் நீர்க்க இருக்கிறதே என்று தோன்றும்போதே நிறுத்துவதுதான் சரியான பதம்.

படி 3. சூடாக இருக்கும்போதே துணியில் ஊற்றி வடியுங்கள். கை சுடும், அதனால் முதலில் கரண்டியால் அழுத்துங்கள். சூடு தாங்கும் அளவு வந்ததும் துணியை முறுக்கிப் பிழியுங்கள்.

படி 4. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் முகத்தில் போடாதீர்கள். ஆளி விதை சாப்பிட்டால் ஒவ்வாமை வருபவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

படி 5. முகம் கழுவி, ஈரம் முழுவதும் காயும் முன் மெல்லிசாகத் தடவுங்கள். 15 நிமிடத்தில் தோல் லேசாக இழுக்கும். அப்போது வெறும் தண்ணீரில் கழுவி, வழக்கமாகப் போடும் மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

இதில் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். அதன் புளிப்பு தோலை எரிக்கும், பூசிக்கொண்டு வெயிலில் போனால் கருத்தும் போகலாம். வைட்டமின் ஈ மாத்திரை எண்ணெயும் ஜெல்லில் கரையாது, மேலே மிதக்கும்.

இந்த ஜெல் என்ன செய்யும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். விதையின் மேல்தோலில் உள்ள பசைப்பொருள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது முகத்தில் மெல்லிய படலமாகக் காய்வதால் தோல் கொஞ்ச நேரம் மிருதுவாக, இறுக்கமாகத் தெரியும். சுருக்கமோ தழும்போ இதனால் மறையாது. பலரும் சொல்லும் ஒமேகா-3 விதைக்குள் இருக்கும் எண்ணெயில் இருப்பது. முழு விதையைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் அது பெரிதாக வெளியே வராது. வறண்ட தோலுக்கு இதமாக இருப்பதே எனக்குப் போதுமான காரணம்.

அப்புறம், இதைச் சமைத்த சாப்பாடு போலவே நினைத்துக்கொள்ளுங்கள். கெடாமல் வைக்க இதில் எதுவும் சேர்க்கவில்லை. ஃபிரிட்ஜில் ஐந்து நாள் வைக்கலாம், கை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். புளித்த வாடை வந்தாலோ, தண்ணீர் தனியாகப் பிரிந்தாலோ அந்த பாட்டிலைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.