போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கையைக் கடிக்காமல் சுற்றுவது எப்படி

கரீபியன் தீவான டிரினிடாட்டின் தலைநகரம் இது. இங்கே பணம் கரைவது இரண்டு விஷயங்களில்தான்: தனி டாக்ஸி, கார்னிவல் நேரத்து அறை வாடகை. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கார்னிவல் என்பது ஊரே தெருவில் இறங்கி ஆடும் திருவிழா, சாம்பல் புதனுக்கு (பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள்) முந்தைய திங்களும் செவ்வாயும். அந்த வாரத்தில் வாடகை பல மடங்கு ஏறிவிடும். அதனால் ஜனவரியிலேயே போய்விடுங்கள், காரணம் கீழே சொல்கிறேன்.

ஊருக்குள் போக மாக்ஸி டாக்ஸிதான். வெள்ளை வேன், பக்கவாட்டில் ஒரு வண்ணப்பட்டை. மஞ்சள் பட்டை நகரத்துக்கும் மேற்குப் பக்கத்துக்கும், சிவப்பு கிழக்கே போவதற்கு. பழைய ரயில் நிலையமான சிட்டி கேட்தான் இவற்றுக்கு மையம். சாதாரண கார் மாதிரியே இருக்கும் ரூட் டாக்ஸிகளும் உண்டு, நம்பர் பிளேட் 'எச்' எழுத்தில் தொடங்கும், நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டு போவார்கள். ஏறும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'குட் மார்னிங்' சொல்லுங்கள், அங்கே அது கட்டாய மரியாதை, சொல்லாமல் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். அரசுப் பேருந்து இன்னும் மலிவு, ஆனால் டிரைவர் காசு வாங்கமாட்டார், டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு டபுள்ஸ். மஞ்சள் போட்டுப் பொரித்த, பரா எனும் மெத்தென்ற தட்டை ரொட்டி இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய், எல்லாம் ஒரு எண்ணெய்த்தாளில் சுருட்டிக் கையில் வைத்துவிடுவார்கள். ஒரு பராவைக் கிள்ளிக் கிள்ளி கடலையை அள்ளி, நின்றபடியே சாப்பிட வேண்டும். காரம் எவ்வளவு என்று கேட்பார்கள், முதல் தடவை 'ஸ்லைட்' என்று சொல்லுங்கள். நமக்குக் காரம் பழக்கம்தானே என்று நினைக்காதீர்கள், அது வேறு மிளகாய். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் சமையலிலிருந்து பிறந்த தின்பண்டம் இது. பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களும் உண்டு. பரா என்பது நம்ம வடையோடு உறவுள்ள சொல் என்று தெரிந்தபோது எனக்கு அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தோன்றியது. காலையில் இரண்டு டபுள்ஸ், மதியம் கறி வைத்து மடித்த ஒரு ரொட்டி, அன்றைக்கு அது போதும். இரவில் அரியபிடா அவென்யூ பக்கம் சாப்பிடப் போனால் பட்ஜெட் காலி, செயின்ட் ஜேம்ஸ் தெருக்கடைகளுக்குப் போங்கள்.

இலவசமாகப் பார்க்க குயின்ஸ் பார்க் சவானா. சுற்றி நடந்தால் மூன்றரை கிலோமீட்டர், மேற்கு ஓரத்தில் 'மேக்னிஃபிசென்ட் செவன்' எனும் பழைய மாளிகைகள், வடக்கே 1818-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. வெயில் தாழ்ந்ததும் போங்கள், வண்டியில் இளநீர் விற்பார்கள்.

சரி, ஜனவரி எதற்கு? கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் ஸ்டீல்பான் (எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து உருவான, குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) குழுக்கள் பனோரமா எனும் இசைப் போட்டிக்காக இரவு இரவாகத் தங்கள் பயிற்சித் திடல்களில் வாசிப்பார்கள். இந்த வாத்தியம் பிறந்ததே இந்த நகரத்தில்தான். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ் குழு, டிராகரெட் சாலையில் இன்வேடர்ஸ் குழு. உள்ளே போய் நின்று கேட்கலாம், நூறு பேர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துச் சரிசெய்யும்போது தரையிலிருந்து காலுக்கு அதிர்வு ஏறும். முடியும்போது நள்ளிரவு ஆகிவிடும், அப்போது மட்டும் காசு பார்க்காமல் டாக்ஸி பிடித்து அறைக்குத் திரும்புங்கள்.

அப்புறம் ஒன்று, ராணுவப் பச்சைப்புள்ளி டிசைன் போட்ட துணி எதுவும் பெட்டியில் வேண்டாம், அங்கே அது சட்டப்படி குற்றம்.