செம்மறிக் குட்டிக்கு மூலிகைத் தீவனம்: எந்த வயதில், எவ்வளவு

பள்ளிப்பட்டு, குடியாத்தம், வாணியம்பாடி, குப்பம் எனத் தமிழக–ஆந்திர எல்லையோரம் நெடுகச் செம்மறி வளர்ப்பவர்கள் குட்டி வயிறு கெட்டால் முதலில் தேடுவது ஓமத்தையும் பூண்டையும்தான். அதில் தவறில்லை. ஆனால் மூலிகை, பெருவயிறு (ஆட்டின் நாலு அறை வயிற்றில் தீனி புளிக்கும் பெரிய முதல் அறை) வளர்ந்த குட்டிக்குத்தான் உதவும். அந்த வயிற்றை வளர்ப்பது தீவனமே தவிர மூலிகை அல்ல.

பிறந்த குட்டி மடியில் உறிஞ்சும் பால், உணவுக்குழாயின் முடிவில் உள்ள மடிப்பு வழியாகப் பெருவயிற்றைத் தொடாமல் நேரே நாலாவது அறைக்குப் போய்விடுகிறது. அந்த வயதில் அரைத்துப் புகட்டும் மருந்துக்குப் பெருவயிற்றில் வேலையே இல்லை. புரையேறி நுரையீரலுக்குள் போனால் குட்டி சளிக்காய்ச்சலில் சாகும். எனவே முதல் மூன்று வாரம் மூலிகை எதுவும் வேண்டாம். சீம்பால் மட்டும் தவறக்கூடாது: பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.லி., முதல் நாள் முழுவதும் சேர்த்துக் கிலோவுக்கு 200 மி.லி.

இரண்டாவது வாரத்திலிருந்து குட்டித் தீவனத்தை முன்னே வையுங்கள். குட்டி நுழையவும் தாய் நுழையாமலும் ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில் கம்பு நட்டு, உள்ளே தொட்டி போட வேண்டும். 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 12, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 10, வெல்லம் 5 (நீரில் கரைத்துத் தெளிக்க), தாது உப்பு 2, சமையல் உப்பு 1. முதலில் கைப்பிடியளவு, பிறகு ஏறி ஏறி நாளைக்கு 50 முதல் 100 கிராம். மக்காச்சோளம் புளித்து உண்டாகும் அமிலங்கள்தான் பெருவயிற்றின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் முளைகளை வளர்க்கின்றன. கடலைக்கொடி போன்ற நார்த்தீவனம் அதன் தசையை வளர்க்கிறது. ஆகவே கொடியும் கூடவே கிடைக்கட்டும்.

தாது உப்பு வாங்கும்போது செம்மறிக்கென்றே கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கான கலவையில் தாமிரம் அதிகம். செம்மறி அதைக் கழிக்க முடியாமல் ஈரலில் சேர்த்து வைக்கும். ஒருநாள் திடீரென மஞ்சள் கண்டு, சிறுநீர் கறுத்துச் சாகும்.

மூலிகைக் கலவை 100 கிலோ தீவனத்துக்கு: வெந்தயம் 1 கிலோ, ஓமம் 300 கிராம், சீரகம் 300 கிராம், காய்ந்த பூண்டுப் பொடி 300 கிராம், விரலி மஞ்சள் பொடி 200 கிராம். மொத்தம் இரண்டு கிலோ சொச்சம். 100 கிராம் தின்னும் குட்டிக்கு நாளைக்கு இரண்டு கிராம் போய்ச் சேரும். குறைவு என்று தோன்றும், ஆனால் அதுதான் சரியான அளவு. ஓமத்திலும் பூண்டிலும் உள்ள காரமான எண்ணெய்ச் சத்து சிறு அளவில் வயிற்று நுண்ணுயிர்களின் போக்கைத் திருத்தும். அளவு மிஞ்சினால் நாரைச் செரிக்கும் நல்ல கிருமிகளையே அடக்கிவிடும். அப்போது கொடி செரிக்காமல் தங்கி, குட்டி தீனியை முகர்ந்துவிட்டு விலகும். பூண்டும் வெங்காயமும் ஏராளமாகப் போனால் இரத்தச் சிவப்பணுக்களும் உடையும்.

உரித்த பூண்டை மெல்லியதாக நறுக்கி நிழலில் காயவையுங்கள். எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். வெயிலில் போட்டால் மணத்தோடு சத்தும் போய்விடும். ஓமம், சீரகத்தை வறுக்காமல் அரையுங்கள். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பதே நல்லது, கடைப்பொடியில் நிறக் கலப்படம் இருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் பொடியை வைக்காதீர்கள்.

கலப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு கிலோ பொடியை நேரே 100 கிலோ மீது தூவினால் ஒரு குட்டிக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னொன்றுக்கு வாய் எரியும். முதலில் பொடியைப் பத்துக் கிலோ தவிட்டோடு தேய்த்துக் கலந்து, பிறகு மீதித் தீவனத்தில் சேர்த்து மூன்று முறை குவித்துப் புரட்டுங்கள். வெல்லக் கரைசலை மண்வெட்டியில் புரட்டிக்கொண்டே தெளித்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். நான்காம் வாரத்தில் பாதியளவு, ஐந்தாம் வாரத்திலிருந்து முழு அளவு. மூன்று மாதத்தில் பால் மறந்த பிறகும் பத்து நாள் கொடுத்து நிறுத்தலாம். தீவனம் மாறும் அந்த நாட்களில்தான் வயிறு கெடும்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை எந்த மூலிகையும் சரிசெய்யாது. மழையில் நனைந்த கடலையில் ஆட்டிய புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கலாம், அது ஈரலைத் தின்னும். கருவேலங்காய் போன்ற துவர்ப்புத் தீனியும் அளவோடு வேண்டும்: துவர்ப்புச் சத்து மொத்தத் தீனியில் 2 முதல் 4 சதம் வரை நன்மை தரும், ஐந்தைத் தாண்டினால் தீனி குறையும்.

மாங்காய்க் காலத்தில், கிருஷ்ணகிரி, சித்தூர் கூழ் ஆலைகளின் தோல் கழிவு மலிவாக வரும்போது, தனிக் கவனம் தேவை. அதிலுள்ள சர்க்கரை சட்டென்று புளித்து வயிற்றில் அமிலம் ஏறும். புளித்த நாற்றத்தோடு தண்ணீர்க் கழிச்சல், தலை தொங்கி நிற்பது, அசைபோடாமை ஆகியவை அறிகுறி. அன்று அடர்தீவனத்தை நிறுத்தி, கொடி மட்டும் கொடுத்து, கிலோ எடைக்கு ஒரு கிராம் ஆப்ப சோடாவை நீரில் கரைத்து மெல்லப் புகட்டுங்கள். விடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரத்தக் கழிச்சல், தாடை வீக்கம், கண்ணிமை வெளுப்பு என்றால் மூலிகையோடு காத்திருக்காதீர்கள். இவை ரத்தக் கழிச்சல் நுண்ணுயிர், இரத்தம் உறிஞ்சும் குடற்புழு ஆகியவற்றின் வேலை. சாண மாதிரியைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி மருந்து வாங்க வேண்டும். கொழுத்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் அது துள்ளுமாரி. அதற்குத் தடுப்பூசிதான் வழி.

பயன் இருக்கிறதா என்று பார்க்கத் தராசு போதும். பிறப்பு எடையும் பாலினமும் ஒத்த குட்டிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மூலிகை சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் தீனிக்கு முன் எடை போடுங்கள். இரட்டைக் குட்டிகளை ஆளுக்கொரு பக்கம் போடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தப் பணத்தைப் புண்ணாக்கில் போடலாம்.